தேடுறாள் எண்டு எழுதுங்கோ

1980 மார்ச் 12, புதன்

காலையில் இரண்டு கிடாரம் நெல் அவித்தேன். புகை அம்மாவுக்கு ஆகாது. மூச்சு முட்டி இழுக்கத் தொடங்கினால் இரண்டு நாளைக்கு விடாது. அவவை முன் விறாந்தையில் இருத்திவிட்டு நானே அவித்து, நானே பாயில் பரவினேன்.

பதினொரு மணிபோல் ஒரு பெண் சைக்கிளில் வந்தார். ஏதோ கணக்கெடுப்பாம். கண்டாவளைப் பக்கம் சில வீடுகளைத் தெரிந்தெடுத்திருக்கிறார்களாம், அதில் எங்கள் வீடும் ஒன்று. பெயர் விமலேஸ்வரி. என்னைவிட மூன்று நான்கு வயதுதான் கூட இருக்கும். அப்பா கதிரை போட்டு இருக்கச் சொன்னார். பேசியது எல்லாம் குசினிக்குள் அடுப்படியில் நின்ற எனக்குக் கேட்டது.

"மகன் முத்துலிங்கம். இருபத்தாறு. வேலை தேடுறான்."

"மகள்?"

"கமலாசனி. இருபத்திரண்டு. அவள் வீட்டிலை."

"வேலை ஏதும் தேடுறாவோ?"

"இல்லை, இல்லை. தாய்க்குச் சுகமில்லை. வீட்டைப் பாக்கிறாள்."

தேத்தண்ணி கொண்டுபோய் வைக்கும்போது தாளைப் பார்த்தேன். அண்ணாவின் பெயருக்கு நேரே 'வேலை தேடுபவர்'. என் பெயருக்கு நேரே 'வீட்டு வேலை'. எழுத்து நல்ல வடிவு.

அப்பா பொய் சொல்லவில்லையே. பிறகு ஏன் எனக்கு இவ்வளவு கோபம்?

மார்ச் 13, வியாழன்

கோபம் ஆறவில்லை. விமலேஸ்வரி இன்று வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீடுகளுக்குப் போவதாகச் சொல்லியிருந்தார். சோற்றை இறக்கி வைத்துவிட்டுப் போனேன். பேச்சியம்மா வீட்டு வாசலில் பிடித்தேன்.

பேச்சியம்மாவுக்கு என் வயதுதான். எழுபத்தேழு கலவரத்தோடு மாத்தளைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து தாயோடு இங்கே வந்தவள். எங்கள் வயலில் நெல் அரிவு வெட்ட வருவாள். நான் போனபோது அவளிடம் கேள்வி நடந்துகொண்டிருந்தது.

"போன வாரம் ஒரு நாள்தாங்க போனேன். மொளகாய்த் தோட்டத்துல களை புடுங்க."

"மற்ற நாளுகள்?"

"யாரும் கூப்புடல."

"ஒரு நாள் செய்தாலும் சரி. நீர் வேலை செய்யிற ஆள்தான்."

பேச்சியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "ஒரு நா களை புடுங்கினா நா வேலை உள்ளவளா? எங்க ஆத்தாகிட்ட சொல்லுங்க. மத்த ஆறு நாளும் அடுப்பு தானா எரியும்."

விமலேஸ்வரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் எழுதியதை மாற்றவில்லை.

சைக்கிளை எடுக்கும்போது நான் கேட்டேன். "அக்கா, என்னை ஏன் வீட்டு வேலை எண்டு போட்டனீங்கள்? நான் உயர்தரப் பரீட்சை சித்தியடைஞ்சனான். எனக்கு வேலை வேணும்."

"வேணும் எண்டது வேறை, தங்கச்சி. கடைசி நாலு கிழமையிலை வேலைக்கெண்டு என்ன செய்தனீர்? விண்ணப்பம் போட்டனீரோ? ஆரிட்டையும் போய்க் கேட்டனீரோ?"

அவர் சைக்கிளைத் திரும்பவும் சாத்திவிட்டுச் சொன்னார்.

"விருப்பத்தை எழுத இதிலை இடமில்லை. வேலை இல்லாத ஆள் எண்டால் தேடிக்கொண்டு இருக்கவேணும். தேடாட்டில் இந்தக் கணக்குக்கு நீர் வெளியிலை."

கடுமையாகச் சொல்லவில்லை. கணக்குப் பாடம் விளங்கப்படுத்துகிற மாதிரித்தான் சொன்னார்.

வெளியிலை! விடிய நாலரைக்கு எழும்பிறவள் வெளியிலை. ஒரு கிழமையும் ஒழுங்காய் வேலை கிடைக்காத பேச்சி உள்ளுக்கை. அண்ணாவும் உள்ளுக்கை.

மார்ச் 15, சனி

விடிந்ததிலிருந்து யோசித்தேன். உயர்தரப் பரீட்சை மறுமொழி வந்து இவ்வளவு காலத்தில் நான் வேலைக்கென்று என்ன செய்தேன்?

ஒன்றும் இல்லை.

மார்ச் 23, ஞாயிறு

ஒன்றும் இல்லை என்பதும் முழுக்கச் சரியில்லை. எழுபத்தெட்டில் வேலைக்கான படிவம் ஒன்று வீட்டுக்கு வந்தது. ஒரே ஒரு படிவம். அப்பா மேசையில் வைத்து, பேனையைத் துடைத்து, அண்ணாவின் பெயரை எழுதினார். நான் பக்கத்தில் நின்று அண்ணாவின் பிறந்த தேதியைச் சொல்லிக் கொடுத்தேன். எனக்கும் ஒன்று எடுத்துத் தாருங்கோ என்று ஏன் கேட்கவில்லை? அப்பா மறுத்திருப்பாரோ தெரியாது. நான் கேட்கவில்லை என்பதுதான் தெரியும்.

இன்று சங்கக்கடையில் பழைய பேப்பர்கள் கேட்டேன். மனேச்சர் மயில்வாகனத்தார் சாமான் சுற்ற வைத்திருந்த கட்டைத் தந்தார். "ஏன் பிள்ளை, அலுமாரித் தட்டுக்கு விரிக்கவோ?" ஓம் என்று சொல்லிவிட்டேன். வந்து பார்த்தால் வேலை வெற்றிடம் ஐந்து. மூன்று முடிவு தேதி கடந்தவை. மிச்சம் இரண்டு.

இரண்டுக்கும் எழுதினேன். ஐந்து முறை கிழித்துத்தான் ஆறாவது சரிவந்தது. 'தங்கள் கீழ்ப்படிவுள்ள' என்று கையெழுத்து வைக்கும்போது கை கூசியது. யாருக்குக் கீழ்ப்படிவு? இன்னும் ஆளே தெரியாது.

ஏப்ரல் 10, வியாழன்

நாலாவது விண்ணப்பம் போட்டேன். அம்மா கண்டுவிட்டா.

"எங்கை வேலை?"

"மன்னார்."

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தா. கை நின்றது. "நீ போனா இந்த அடுப்பு?"

நான் அடுப்புக்குள் விறகைத் தள்ளிவிட்டேன். அம்மா கேட்டது நியாயம். நான் எழுதுவதும் நியாயம். இரண்டையும் ஒரே வீட்டுக்குள் எங்கே வைப்பது?

ஏப்ரல் 29, செவ்வாய்

அத்தாட்சிப் பிரதியில் அதிபரின் ஒப்பம் வாங்கப் பள்ளிக்கூடம் போய்விட்டு வாய்க்கால் பாதையால் திரும்பினேன். தண்ணீர் திறந்துவிடும் துருசடியில் அண்ணாவின் சைக்கிள் மரத்தில் சாத்தி நின்றது. விடிய எட்டு மணிக்கு, தலை இழுத்து, வெள்ளைச் சேர்ட் போட்டு, ஃபைலோடு "கிளிநொச்சிக்கு ஒரு வேலை விஷயமாப் போறன்" என்று சொல்லிப் போனவர். துருசுக் கட்டில் இருந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபைல் மடியில்.

அவர் என்னைக் காணவில்லை. நான் வேறு பாதையால் வந்தேன். மாலை ஐந்து மணிக்கு வந்தார். அப்பா கேட்டார், "என்ன சொன்னவங்கள்?" அண்ணா சொன்னார், "அடுத்த மாதம் வரட்டாம்."

ஏப்ரல் 30, புதன்

அண்ணா கிணற்றடியில் நிற்கும்போது சொல்லிவிட்டேன். "நேற்று உங்களைத் துருசடியிலை கண்டனான்."

முகத்தைத் துடைத்தார். கனநேரம் துடைத்தார். பிறகு கிணற்றுக் கட்டில் இருந்தார். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதி வைக்கிறேன்.

"நான் தேடேல்லை, கமலா. ரெண்டு வருஷமாத் தேடேல்லை. அந்தப் படிவத்துக்கு நேர்முகக் கடிதம் வந்தது. கிழிச்சுப் போட்டன். எழுபத்தேழு கலவரத்திலை அனுராதபுரத்திலை இருந்து எப்பிடி றெயில் ஏறி வந்தனான் எண்டு உனக்குத் தெரியும்தானே. கட்டின சாரத்தோடை. பக்கத்து மேசையிலை இருந்து வேலை செய்தவனே எங்களைக் காட்டிக் குடுத்தவன். அதுக்குப் பிறகு கந்தோர் வேலை எண்டு நினைச்சாலே நெஞ்சு இடிக்குது. றெயில் சத்தம் கேட்டாலும் இடிக்குது."

"ஏன் அப்பாட்டைச் சொல்லேல்லை?"

"தேடுறன் எண்டு சொன்னா நான் வேலை கிடைக்காதவன். தேடேல்லை எண்டு சொன்னா நான் ஆர்?"

கடகத்தில் இருந்த துணியை அவரும் சேர்ந்து பிழிந்து தந்தார்.

மே 18, ஞாயிறு

பதினோராவது விண்ணப்பம். மறுமொழி வந்தவை இரண்டு. இரண்டும் 'வருந்துகிறோம்'. என் பெயருக்கு வந்த முதல் கடிதங்கள். வைத்திருக்கிறேன்.

ஜூன் 11, புதன்

விமலேஸ்வரி திரும்பவும் வந்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே வீடுகளை அதே கேள்வி கேட்பார்களாம். அப்பா அதே கதிரையில்.

"மகன் முத்துலிங்கம். வேலை தேடுறான்."

அண்ணா முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டு நின்றவர், பம்பைக் கீழே வைத்தார்.

"இல்லை, மிஸ். நான் தேடேல்லை."

அப்பா திரும்பிப் பார்த்தார். "என்னடா சொல்லுறாய்?"

"தேடேல்லை, அப்பா. முந்தியும் தேடேல்லை."

விமலேஸ்வரி பேனையைப் பிடித்தபடி இருந்தார். தேடாததற்குக் காரணம் எழுத ஓர் இடம் இருக்கிறதாம். படிப்பு, நோய் வருத்தம், வீட்டுப் பொறுப்பு, வேறு. அவர் அண்ணாவின் முகத்தை ஒருதரம் பார்த்தார். காரணம் கேட்காமலே 'வேறு' என்று எழுதினார். அந்த மனிசிக்கு நல்ல மனம்.

அதற்குப் பிறகு என் முறை. நானே சொல்லலாம் என்று குசினி வாசலுக்கு வந்துவிட்டேன். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "மகள் கமலாசனி. அவள் தேடுறாள். கடிதம் கடிதமாப் போடுறாள். தேடுறாள் எண்டு எழுதுங்கோ."

எனக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. சொல்லும்போது அவருடைய குரல் உடைந்துபோய் இருந்தது.

ஜூன் 12, வியாழன்

அப்பா மத்தியானம் சாப்பிட வரவில்லை. வயலில் நின்றார். அண்ணா இன்றைக்கு வெள்ளைச் சேர்ட் போடவில்லை.

ஜூன் 16, திங்கள்

அப்பா காலையில் மண்வெட்டி இரண்டு எடுத்தார். ஒன்றை அண்ணாவின் கால்மாட்டில் வைத்தார். "மேட்டுக்காணி சும்மா கிடக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னாலே நடந்தார். அண்ணா பின்னாலே போனார்.

கொழும்பில் வெளிநாட்டு மிளகாய் வந்து குவிகிறது, தோட்டம் செய்கிறவனுக்கு இனி வாழ்வில்லை, மகன் உத்தியோகம் பார்க்கவேணும் என்று மூன்று வருடமாகச் சொன்ன மனிதர். தோட்டத்தில் இருவரும் என்ன கதைத்தார்களோ தெரியாது. பின்னேரம் வந்தபோது அண்ணாவின் உள்ளங்கை இரண்டும் கொப்பளம். அப்பாதான் எண்ணெய் பூசிவிட்டார்.

ஜூலை 24, வியாழன்

வானொலியில் வேலைநிறுத்தச் செய்தி. வேலைக்கு வராத அரசாங்க ஊழியர்கள் பதவியை விட்டுவிட்டவர்களாகக் கருதப்படுவார்களாம். அப்பா: "கையிலை இருக்கிற உத்தியோகத்தை ஆரும் விடுவினமே!"

ஆகஸ்ட் 21, வியாழன்

வவுனியாவில் ஒரு அரசாங்கக் கந்தோரில் நேர்முகம். தற்காலிக எழுதுவினைஞர். முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எல்லாருடைய கையிலும் ஒரே மாதிரி ஃபைல்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கேட்டார், "உயர்தரம் முடித்து இரண்டு வருடம். இவ்வளவு காலமும் என்ன செய்தீர்?"

சுருக்கெழுத்துப் படித்தேன், தையல் படித்தேன் என்று சொல்லும்படி வெளியில் ஒரு பிள்ளை எனக்குச் சொல்லித் தந்திருந்தாள். வாயில் வரவில்லை. "வீட்டைப் பார்த்தேன், ஐயா. தாய்க்குச் சுகமில்லை. போன வருடம் வேலை தேடவில்லை. மார்ச் மாதம் தொடக்கம் தேடுகிறேன். இது பதினேழாவது விண்ணப்பம்."

அவர் தலையை நிமிர்த்தினார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கெடுத்துப்போட்டேனோ?

செப்டெம்பர் 9, செவ்வாய்

வந்துவிட்டது. இருபத்திரண்டாம் தேதி வேலை ஏற்கவேண்டும். மூன்று மாதம், தேவைப்பட்டால் நீடிப்பு. கடிதத்தை அப்பா இரண்டு முறை வாசித்தார். அம்மா தொட்டுப் பார்த்தா, பிறகு அடுப்பைப் பார்த்தா.

அண்ணா சொன்னார், "நான் சமைக்கிறன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கக் கால்மணி நேரம் பிடித்தது. "ஊர் என்ன சொல்லும்?" என்றா. அண்ணா சொன்னார், "மூண்டு வருஷமா ஊர் சொன்னதைவிட இது பரவாயில்லை."

இன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவர்தான் குழம்பு வைத்தார். புளி கூட. எல்லாரும் சாப்பிட்டோம்.

செப்டெம்பர் 22, திங்கள்

முதல் நாள். நெளுக்குளத்தில் தங்கம்மா சின்னம்மா வீட்டில் நிற்கிறேன், அங்கேயிருந்து பஸ். கந்தோரில் எனக்கு யன்னலோரக் கதிரை. கடிதங்களைப் பதிந்து இலக்கம் போடுவது வேலை. வலது கை நடுவிரலில் மை. கழுவினாலும் போகவில்லை. கழுவ மனமும் இல்லை.

ஒக்ரோபர் 3, வெள்ளி

மேசையின் கீழ் லாச்சி இன்றுதான் திறந்தது. உள்ளே ஒரு குடை, ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு, ஒரு சின்னப் பிள்ளையின் தடுப்பூசி அட்டை. அட்டையில் தகப்பன் பெயர் கணபதி.

பக்கத்து மேசை இரஞ்சிதம் அக்காவிடம் கேட்டேன். குரலைத் தாழ்த்திச் சொன்னா, "யூலை வேலைநிறுத்தத்தோடை வேலை போன ஆக்கள்ளை ஒராள். பன்ரண்டு வருஷ சேவிஸ்."

எனக்கு விளங்கவில்லை என்று சொல்ல முடியாது. விளங்கித்தான் இருந்தது. முப்பது பேரைக் கூப்பிட்டார்களே, அந்த இடங்கள் எங்கேயிருந்து வந்தன என்று ஒருநாளாவது யோசிச்சனானோ? தேடுறதிலை இருந்த அவசரத்திலை இதைக் கேக்க மறந்துபோனன். நான் விட்டிட்டுப் போனா அவருக்குத் திருப்பிக் குடுப்பினமோ? குடுக்கமாட்டினம். அந்த முப்பதிலை இன்னொரு ஆள் வந்து இருக்கும். எண்டாலும் கதிரை குத்துது.

ஒக்ரோபர் 16, வியாழன்

அந்தக் கணபதி வந்தார். மழை தொடங்கிவிட்டது, குடைக்காக வந்தாராம். நாற்பது வயது மதிக்கலாம். வாசலில் நின்றபடிதான் கேட்டார், உள்ளே வரவில்லை. நான் எல்லாவற்றையும் ஒரு கடதாசிப் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நான்தான் இப்ப உங்கடை கதிரையிலை" என்றேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"தெரியும், பிள்ளை. இரும், இரும். கதிரை என்ன என்ரை வீட்டுச் சாமானே." சிரித்தார். "பன்ரண்டு வருஷத்துக்குப் பிறகு இப்பதான் வேலை தேடுறன். எங்கை போய், ஆரைக் கேக்கிறது எண்டே தெரியேல்லை. வெக்கமாயும் கிடக்கு."

அது எனக்குத் தெரியும். எந்தப் பேப்பரில் எந்த நாள் வெற்றிடம் வரும், யார் ஒப்பம் வைத்தால் ஏற்பார்கள் என்பதெல்லாம் இந்த ஏழு மாதத்தில் படித்தது. வாசலிலேயே நின்று சொன்னேன். அவர் குடையை விரிக்காமல் கேட்டுக்கொண்டு நின்றார்.

போகும்போது ஒன்று சொன்னார். அந்த நாட்களில் அவர் வேலைநிறுத்தம் செய்யவில்லையாம். பிள்ளைக்கு நெருப்புக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் நின்றிருக்கிறார். லீவுக் கடிதம் கொடுக்க ஆளில்லை. "ஆஸ்பத்திரித் துண்டு இருக்கு. மேன்முறையீடு எழுதலாம் எண்டு சொல்லுகினம். எழுதத் தொடங்கினா நெஞ்சு கொதிச்சு, ஏச்சாய் வருது."

ஒக்ரோபர் 18, சனி

பின்னேரம் அவருடைய வீட்டைத் தேடிப் போனேன். மேன்முறையீட்டை நான் எழுதித் தருகிறேன் என்று சொன்னேன்.

அவருடைய மனைவி தேத்தண்ணி வைக்கப் போனவ, நின்றுவிட்டா. கணபதி அண்ணர் சொன்னார், "இதை நீர் எழுதக்கூடாது, பிள்ளை. இது சரிவந்தா உமக்குத்தான் வேலை போகும்."

"தெரியும்."

"வீட்டிலை ஆரும் பாக்க இருக்கினமோ உம்மை?"

"அண்ணா தோட்டம் செய்யிறார்."

இரண்டு பக்கம். கோபம் ஒன்றும் வராமல், தேதியும் நடந்ததும் மட்டும். மூன்று பிரதி. பதினேழு விண்ணப்பம் எழுதிய கை, வேகமாகத்தான் ஓடியது. கடைசி வரியில் மட்டும் ஒருக்கால் நின்றது. நின்றது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 6, சனி

அண்ணா வந்தார்! சந்தைக்குப் பச்சை மிளகாய் இரண்டு சாக்கு. பஸ்ஸில் ஏற்ற விடவில்லையாம், றெயிலில் கொண்டு வந்தாராம். சொல்லிவிட்டு வேறெங்கோ பார்த்தார்.

அம்மாவை மாதம் ஒருமுறை கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறாராம். புளி இப்போது அளவாம். பேச்சியம்மா வாரத்தில் நாலு நாள் எங்கள் தோட்டத்துக்கு வருகிறாளாம். "இப்ப நா உண்மையாவே வேலை உள்ளவதான்னு அந்த அக்காகிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாளாம்.

மேன்முறையீட்டுக் கதையைச் சொன்னேன். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்றேன். சாக்கின் வாயை இறுக்கிக் கட்டிவிட்டு, "நல்ல எழுத்திலை எழுதினனியோ?" என்று கேட்டார்.

டிசம்பர் 19, வெள்ளி

எனக்கு இன்னும் ஒரு மாதச் சொச்சம் நீடிப்பு. ஜனவரி முடிவு வரை. கணபதி அண்ணருக்கு இன்னும் மறுமொழி இல்லை.

1981 ஜனவரி 26, திங்கள்

மேன்முறையீடு ஏற்கப்பட்டதாம். பெப்ரவரி இரண்டாம் தேதி அவர் திரும்ப வருகிறார். பிரதம எழுதுவினைஞர் கூப்பிட்டு, "கமலாசனி, உம்மிலை ஒரு பிழையும் இல்லை" என்று மூன்று முறை சொன்னார்.

கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷமும்தான், ஆனால் எல்லாம் சந்தோஷமில்லை.

ஜனவரி 30, வெள்ளி

பதிவேடுகளை அடுக்கி, கடைசி இலக்கத்தின் கீழ் கோடு போட்டு, பூட்டுத் திறப்பை இரஞ்சிதம் அக்காவிடம் கொடுத்தேன். லாச்சியைத் துடைத்தேன். பிரதம எழுதுவினைஞர் தந்த சேவைக் கடிதம் ஃபைலில் முதல் தாளாக இருக்கிறது. நான்கு மாதம், ஒன்பது நாள்.

தங்கம்மா சின்னம்மா கேட்டா, "அப்ப இனி வீட்டிலை நிக்கப்போறாய் என்ன?"

"இல்லை, சின்னம்மா. திங்கட்கிழமை மன்னாரிலை நேர்முகம். செவ்வாய் இங்கை ஒரு இடத்திலை வரச் சொல்லியிருக்கினம். வீட்டை அடுத்த சனிக்கிழமைதான் போகலாம்."

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன், அவவிடம் அனுமதி கேட்பதுபோல் நான் சொல்லவில்லை. மன்னார் பஸ் காலை ஆறரைக்கு. வெள்ளைச் சேலையைக் கழுவிக் காயப் போட்டிருக்கிறேன்.